முதல் குழாயை அறுப்பதற்கு முன்: லோகாஸ்ட் கார் கட்டும் முறை

1957இல் காலின் சாப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன், எடைக் குறைப்பையே முதல் விதியாகக் கொண்ட இரண்டு இருக்கைக் கார். அதன் உரிமை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே வடிவத்தைத் தம் வீட்டுக் கொட்டகையில் சதுர இரும்புக் குழாய்களால் கட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் பிரிட்டனில் ஏராளம். அவ்வாறு உருவாகும் வண்டியை லோகாஸ்ட் என்பார்கள். அதைக் கட்ட விரும்புபவர் வெல்டிங் இயந்திரம் வாங்குவதற்கு முன் சில மாதங்களைப் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். சக்கரங்கள் எவ்வாறு அசையும் என்பது முடிவான பிறகுதான் குழாய்களின் இடம் முடிவாகும்.

முதலில் சஸ்பென்ஷன் வடிவியலையும் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் நீளம், கோணம், மூட்டுகளின் இடம்), அடுத்து உறுப்புகளைத் தரப்போகும் பழைய காரின் பணிமனைக் கையேட்டையும் படியுங்கள். எஞ்சின் சக்தியைக் கூட்டும் வித்தைகள் காத்திருக்கட்டும். கைமாறி வரும் வரைபடங்களில் அளவுப் பிழைகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே, படித்ததை ஒட்டுப்பலகை ஒன்றின் மேல் முழு அளவில் நீங்களே வரைய வேண்டும். மேல், கீழ் விஷ்போன்களையும் (சக்கரத் தாங்கியைச் சட்டகத்தோடு இணைக்கும் கவை வடிவக் கைகள்) சக்கரம் பொருந்தும் தாங்கியையும் தடித்த அட்டையில் வெட்டி, மூட்டுகளில் குண்டூசி குத்தி, தாங்கியில் ஸ்டியரிங் கம்பி சேரும் இடத்தில் ஒரு துளையிட்டு அதில் பென்சில் முனையை நுழையுங்கள். சக்கரத்தை 50 மி.மீ. மேலும் கீழும் நகர்த்தினால் பென்சில் ஒரு வளைகோடு போடும். ஸ்டியரிங் கம்பியின் நீளத்துக்கு வெட்டிய இன்னொரு அட்டைத் துண்டு, தன் உள்முனையைச் சுற்றித் திரும்பும்போது அந்தக் கோட்டின் மேலேயே ஓட வேண்டும். விலகினால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும் என்று பொருள். கணினியில் இதைச் செய்ய மென்பொருள் உண்டு. ஆனாலும் ஊசியை இரண்டு மி.மீ. நகர்த்தியதும் கோடு மாறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு விஷயம் மறக்காது.

பழைய காராக, 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 எனக்குப் பிடித்த தேர்வு. எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, பின்சக்கரங்கள் இழுவை தருகின்றன, நான்கு மூலைகளிலும் இரட்டை விஷ்போன் இருக்கிறது. கியர்பெட்டியையும், சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட சட்டத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அதை நீக்கினால் டிபரன்ஷியலின் மூக்குப் பகுதிக்குத் தனித் தாங்கல் அவசியம்.

சட்டகத்துக்கு 25 மி.மீ. சதுரமும் 1.6 மி.மீ. தடிமனும் உள்ள குழாய் போதும். மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ எடை வரும். எல்லாக் குழாய்களையும் பொட்டு வெல்டிங்கால் (சிறு புள்ளிகளாக வைக்கும் தற்காலிக ஒட்டு) மட்டும் நிறுத்தி, குறுக்கு மூலைகளின் தூரம் இரண்டும் சமமா என்று டேப்பால் அளந்த பின்னரே முழு வெல்டிங்கைத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தால், ஆறும் இரும்பு சுருங்கிச் சட்டகத்தை அந்தப் பக்கம் இழுத்துவிடும். எனவே சிறு சிறு துண்டுகளாக எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி வைக்க வேண்டும்.

படிக்கப் படிக்கப் புதிய யோசனைகள் முளைக்கும். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒரு வண்டியில் ஒன்றை மட்டும் சோதிப்பது நல்லது. சுருள்வில்லை வண்டியின் உடலுக்குள் மறைத்து நெம்புகோலால் இயக்கும் யோசனையை எடுத்துக்கொள்வோம். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது வில் 6 மி.மீ. மட்டுமே அமுங்கினால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு 0.6இன் வர்க்கம், அதாவது வில்லின் விறைப்பில் 36 விழுக்காடுதான். இந்தக் கணக்கைப் போடாமல் பழைய வில்லையே மாட்டியவரின் வண்டி முதல் வளைவிலேயே தரையைத் தொடும்.

பிரிட்டனில் சாலைக்கு வர ஐவிஏ என்னும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். நீங்களே கட்டியதற்குச் சான்றாக ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள். வெளிப்பகுதியில் மனிதர் மேல் படக்கூடிய விளிம்புகளின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால், வர்ணம் பூசுவதற்கு முன்பே அவற்றை அரத்தால் உருட்டிவிடுங்கள்.