பேஸ் கிட்டார்: வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில் திருவிழாக்களில் வாசிப்பவர்கள் கவனிக்க: ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் இயங்கும் ஒலிச் சுற்று உள்ள பேஸ் கிட்டார்) கேபிள் சொருகும் ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். மோனோ பிளக் (முனையில் ஒரே ஒரு கறுப்பு வளையம் உள்ளது) உள்ளே போனதும் ஜாக்கின் நடுத் தொடுமுனை எர்த்தோடு சேர்ந்து 9 வோல்ட் பேட்டரியை இயக்கிவிடும். ஆம்பை அணைத்தாலும், வால்யூமைக் குறைத்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டீரியோ பிளக் (இரண்டு கறுப்பு வளையம் உள்ளது) போட்டால் சில நேரம் சத்தமே வராது. பேஸ் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள்.

ஒலி கரகரத்து மெலிந்தால் முதலில் பேட்டரியை மீட்டரில் பாருங்கள். 8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். 18 வோல்ட் பேஸில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

ஜாக் ஆடுகிறதா? வெளியே நட்டை மட்டும் முறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயர் அறுந்துவிடும். இந்த வேலைக்கு அவசரமே ஆகாது. மூடியைக் கழற்றி, ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பெரும்பாலும் அரை அங்குல ஸ்பானர் பொருந்தும்.

கேபிளை ஸ்ட்ராப்புக்கும் உடலுக்கும் நடுவே விட்டு எடுத்துச் சொருகுங்கள். யாராவது மிதித்தாலும் இழுப்பு ஜாக்குக்குப் போகாது. ஸ்பீக்கர் கேபிள் மட்டும் வேண்டாம். அதில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லை, இரைச்சல் ஏறும்.