இரண்டு கிளினிக் கொப்பி, ஒரு ஈரல்

எச்.ஐ.வி.யும், ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் சேர்ந்து உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் போடுவது. வன்னியில் இது லேசான காரியமில்லை, தெரியும். வவுனியாவில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்தே என் உத்தியோகக் காலம் கழிந்தது. முல்லைத்தீவில் காட்டினால் ஊர் ஆள் யாரும் காணும் என்று பஸ் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஈரல் டொக்டருக்கு உங்கள் எச்.ஐ.வி. குளிசையின் பெயரும், எச்.ஐ.வி. டொக்டருக்கு ஈரல் ரிப்போட்டும் தெரிந்தே ஆக வேண்டும்.

எச்.ஐ.வி. இருந்தால் சி கிருமி ஈரலைத் தழும்பாக்கும் வேகம் கூடும். மருந்தை ஒழுங்காகப் போட்டால் அந்த வேகம் குறையும். ஈரலுக்குப் பயந்து எச்.ஐ.வி. குளிசையை நிறுத்துகிறவர் நேர்மாறான வேலை செய்கிறார்.

சோதனையில் எதிர்ப்பொருள், அதாவது கிருமி எப்போதோ வந்ததற்கு ரத்தத்தில் இருக்கும் அடையாளம், மட்டும் பார்த்திருந்தால் போதாது. கிருமி இப்போதும் உடம்பில் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். அதோடு ஹெப்படைட்டிஸ் பி-யையும் பார்க்கச் சொல்லுங்கள். சி-க்கு மருந்து போடும்போது பதுங்கியிருந்த பி எழும்பலாம். எச்.ஐ.வி.க்குப் போடும் டெனோபோவிர் பி-யையும் அடக்கி வைத்திருக்கும் மருந்து, ஆகவே அதைக் கேட்காமல் மாற்றக் கூடாது. பி இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள்.

சி-யைக் குணப்படுத்த இப்போது குளிசைதான், பெரும்பாலும் 12 கிழமை. பழைய இன்டர்பெரோன் ஊசியின் காய்ச்சலும் சோர்வும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குணம், எச்.ஐ.வி. இருந்தாலும் அப்படித்தான். சிக்கல் குளிசையும் குளிசையும் மோதுவதில். எச்.ஐ.வி.க்கு எபாவிரென்ஸ் போடுபவருக்கு சி-க்கான வெல்பாட்டஸ்விர் சரிவராது. இன்னொரு சி குளிசையான டக்ளாடஸ்விர் என்றால் அதன் அளவைக் கூட்ட வேண்டும். நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் ஒமிப்ரசோல் வெல்பாட்டஸ்விரை உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. குளிசையான டொலுடெக்ராவிரை வாய்வுக் குளிசைக்கு (அன்டசிட்) 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ போட வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று. போரில் தலையில் செல்துண்டோடு உயிர் தப்பி, வலிப்புக்குக் குளிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழகிப் போனதால் மருந்து என்றே கணக்கெடுப்பதில்லை. "வேறென்ன போடுறீங்கள் அண்ணை?" என்றால், "ஒண்டும் இல்லை." சட்டைப் பைக்குள் பார்த்தால் பேப்பரில் சுற்றிய காபமசெப்பீன்! அதுவும் இன்னொரு வலிப்புக் குளிசையான பெனிட்டோயினும் சி மருந்தான சோபொஸ்புவிரை வேலை செய்ய விடாது. காபமசெப்பீன் டொலுடெக்ராவிரையும் இழுத்துக் குறைக்கும். காசநோய்க்கான ரிபம்பிசினும் இதே ரகம். அதற்காக வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். மாற்றுக் குளிசை உண்டு, டொக்டர் மாற்றித் தருவார். பரியாரியாரின் சூரணம் உட்பட, விழுங்குவது எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். கீழ்காய்நெல்லி மஞ்சள்காமாலைக்குக் கேட்கும் என்று அம்மம்மா சொல்லியிருப்பார். சி கிருமியை அது கொல்லாது.

லேபல் தெரியக் கூடாதென்று குளிசையை பால்மா டின்னுக்குள் மாற்றாதீர்கள். போத்தலுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம் ஈரம் உறிஞ்சத்தான் இருக்கிறது. லேபலை உரித்துவிட்டு போத்தலோடு வையுங்கள், தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் இல்லை. கசிப்பு, சாராயம், கள்ளு மூன்றும் வேண்டாம். கள்ளு குளிர்ச்சி என்ற கதை ஈரலுக்குத் தெரியாது. பூஞ்சணம் பிடித்த கச்சானைக் கழுவி வறுத்தாலும் நஞ்சு போகாது, எறியுங்கள். ஈரல் இறுகி வயிற்றில் தண்ணி கட்டியவருக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகாது, நண்டு றாலை நன்றாக அவித்தே சாப்பிட வேண்டும். அவர் பனடோலும் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போடக் கூடாது. கோப்பி குடிக்கலாம், ஈரலுக்கு நல்லது என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

குளிசை முடிந்து 12 கிழமை கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். கிருமி இல்லையென்றால் குணம். எதிர்ப்பொருள் மட்டும் ஆயுளுக்கும் ரத்தத்தில் இருக்கும், புது ஆஸ்பத்திரியில் பழைய கதையைத் தொடங்குவார்கள். ஆர்.என்.ஏ. ரிப்போட்டை லமினேட் பண்ணி கொப்பிக்குள் வையுங்கள். சி திரும்பவும் தொற்றலாம், சவர பிளேட், ஊசி எதையும் பகிர வேண்டாம். ஈரல் ஏற்கனவே இறுகியிருந்தால் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான், புற்றுநோய்க்காக.