முக்கியக் கனிமங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தை வரைவது எப்படி?

லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் ஆகியவற்றுக்காக நாடுகள் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பல, கையெழுத்தான அன்று செய்தியாவதோடு நின்றுவிடுகின்றன. சரக்கு உண்மையிலேயே ஆலைக்கு வந்துசேரும்படி ஓர் ஒப்பந்தத்தை வரைய விரும்புபவர், அந்தக் கனிமம் எங்கே தோண்டப்படுகிறது, எங்கே சுத்திகரிக்கப்படுகிறது, எங்கே உதிரிபாகமாகிறது என்பதை முதலில் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். உலகின் கோபால்ட் சுரங்க உற்பத்தியில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடக்கிறது. சுத்திகரிப்பின் பெரும்பகுதியோ சீனாவில் நடக்கிறது. காங்கோவுடன் மட்டும் உடன்பாடு கண்டால் தாது கிடைக்கலாம், மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட் சல்பேட் கிடைத்துவிடாது. எனவே எந்தக் கட்டத்தில் நெருக்கடி இருக்கிறதோ, அதைப் பற்றியதாகவே ஒப்பந்தத்தின் முதல் பிரிவு அமைய வேண்டும்.

அடுத்தது பணம். யார் முதலீடு செய்வார், யார் எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவார் என்பதை எழுதாத ஒப்பந்தத்தை நான் வாழ்த்து மடலாகத்தான் கருதுவேன். 2010-இல் சீனாவிலிருந்து அரிய மண் தனிமங்களின் வரத்து தடைப்பட்டபோது, ஜப்பான் அறிக்கை விடுவதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே அதன் அரசு நிறுவனமான ஜோக்மெக், சோஜிட்ஸ் வணிக நிறுவனத்துடன் சேர்ந்து, அரிய மண் தனிமங்களைத் தோண்டும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்குக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் 25 கோடி அமெரிக்க டாலர் தர உடன்பட்டு, பதிலுக்கு நீண்டகால விநியோக உறுதியைப் பெற்றது. பின்னர் விலை சரிந்து லைனாஸ் தள்ளாடியபோது, கடனை அடைக்கும் காலம் நீட்டிக்கப்பட்டது. இத்தகைய தளர்வுக்கான நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது, ஏனெனில் விலைச் சரிவு வராத கனிமச் சந்தை எதுவும் இல்லை.

அதே லைனாஸ், கழிவுப் பிரிவை எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் பாடம். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தில் தோண்டிய தாதுவை மலேசியாவின் குவாந்தானில் பிரித்தபோது, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கழிவு அங்கேயே தங்கியது. மக்கள் போராடினார்கள், அரசு உரிமத்துக்கு நிபந்தனைகள் விதித்தது. கழிவு யாருடையது, எங்கே வைக்கப்படும், ஆலை மூடப்பட்ட பின் யார் செலவு செய்வார் என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும்.

சுரங்கத்தில் சிறார் உழைப்போ, ஆயுதக் குழுக்களின் வசூலோ இல்லை என்று சரிபார்க்க, கனிமம் வந்த வழியை நிறுவனங்கள் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (OECD) ஐந்து படி வழிகாட்டுதலை மேற்கோள் காட்டினாலே போதும். புதிதாக எழுதத் தேவையில்லை. தணிக்கையை மட்டும் சுத்திகரிப்பு ஆலையில் வையுங்கள், ஏனெனில் பல சுரங்கங்களின் தாது ஒரே உலையில் உருகிவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

கடைசியாக, தாது வைத்திருக்கும் நாடு அதைத் தன் மண்ணிலேயே பதப்படுத்த விரும்பும் என்பதை ஏற்றுக்கொண்டே வரைவைத் தொடங்குங்கள். இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. 2022-இல் உலக வர்த்தக அமைப்பின் குழு அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தும், இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது, மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்திருந்ததால் வழக்கு அங்கேயே தேங்கியது. ஆகவே வழக்கை நம்புவதைவிட, உள்ளூர் ஆலைக்கான முதலீட்டையும், ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்கு முன் தரவேண்டிய அறிவிப்புக் காலத்தையும் ஒரே பிரிவில் பிணைத்துவிடுவது பயன் தரும்.