டான்செட் எம்பிஏ: டேட்டா சஃபிஷியன்ஸியில் நான் கோட்டைவிட்ட இடம்

பி.காம், பிபிஏ முடித்துவிட்டு டான்செட் (தமிழ்நாட்டில் எம்பிஏ சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறவர்களுக்காக இது. லாப நட்டம், வட்டி, சதவீதம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எம்பிஏ தாளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு 72 விநாடிதான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். மாதிரித் தேர்வுகளில் கணக்கு எனக்குப் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் காலை வாரியது டேட்டா சஃபிஷியன்ஸி, அதாவது ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் கொடுத்து, விடை காண எந்தக் கூற்று போதும் என்று மட்டும் கேட்கும் பகுதி.

படி 1: கூற்றுகளைப் பார்க்கும் முன் கேள்வியை மட்டும் படியுங்கள். எது தெரிந்தால் விடை வரும் என்று ஓரத்தில் கிறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். இந்தக் கேள்வியைப் பாருங்கள்.

ஒரு பொருளை விற்றதில் லாப சதவீதம் என்ன?
கூற்று 1: விற்ற விலை, வாங்கிய விலையைவிட 20 ரூபாய் அதிகம்.
கூற்று 2: வாங்கிய விலை, விற்ற விலையில் ஐந்தில் நான்கு பங்கு.

இரண்டையும் சேர்த்தேன். வாங்கியது 80, விற்றது 100, லாபம் 25 சதவீதம். கணக்கு அழகாக வந்துவிட்டதே என்று 'இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும்' என்று குறித்தேன். தப்பு! லாப சதவீதத்துக்கு விலைகளின் விகிதம் போதும். அது இரண்டாம் கூற்றிலேயே இருக்கிறது. அந்த 20 ரூபாய் மனதில் தங்கிவிட்டதுதான் வினை. முதல் கூற்றைப் பார்த்து முடித்ததும் அதை ஸ்கேலால் மூடிவிட்டு இரண்டாவதைப் படியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் எனக்கு உதவியது இதுதான். இரண்டும் தனித்தனியே போதாதபோது மட்டும் ஸ்கேலை எடுங்கள்.

இன்னொன்று: விடை வரும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசிவரை கணக்குப் போட்டு பைசா சுத்தமாக முடிப்பது நம் காமர்ஸ் கைப்பழக்கம். இங்கே அதனால் நேரம்தான் போகும்.

படி 3: முதல் கூற்று மட்டுமே போதும் என்று தெரிந்தால், மிச்சம் இரண்டு விடைகள்: 'முதலாவது மட்டும்', 'எது தனியாக இருந்தாலும் போதும்'. அதற்குமேல் ஓடவில்லையா? துணிந்து ஒன்றைக் குறிக்கலாம். சரியானால் 1, தவறினால் மூன்றில் ஒன்றுதானே போகும். விடைகளின் வரிசை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதனால் தாளில் உள்ள குறிப்பைப் பார்த்த பிறகே குறியுங்கள்.

பயிற்சிக்கு ஆப் எனக்குப் பிடிக்காது. கோடு போட்ட நோட்டும் மேசைக் கடிகாரமும் போதும். கால்குலேட்டரை வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். ஏழில் ஒன்று 14.28 சதவீதம், எட்டில் ஒன்று 12.5 என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும்.

பின்சேர்க்கை: 'இல்லை' என்று விடை வந்தால் கூற்று போதாது என்றுதானே அர்த்தம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அப்படியில்லை. 'க இரட்டைப்படை எண்ணா?' என்பது கேள்வி, 'க, 2-ஐ விடப் பெரிய பகா எண்' என்பது கூற்று என்றால், விடை உறுதியாக 'இல்லை'. அந்தக் கூற்று போதும். ஆனால் 'க-வின் மதிப்பு என்ன?' என்று கேட்டு, க-வின் வர்க்கம் 9 என்று கொடுத்தால் போதாது. 3 நினைவுக்கு வரும் வேகத்தில் மைனஸ் 3 மறந்துபோகும். எனக்கும் இரண்டு முறை போயிருக்கிறது.