வாட்டர் ஹீட்டர் பழுதாகப் போவதை முன்கூட்டியே அறிவது எப்படி?

தொட்டியுள்ள மின்சார ஹீட்டர் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. உள்ளே உப்பு படிவதற்கும், தொட்டியின் இரும்பு அரிப்பதற்கும், வால்வு இறுகுவதற்கும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஆகும். அதற்குள் வெளியே ஏதேனும் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கிவிடும். அந்த மாற்றங்களில் எதைப் பொறுத்துப் பார்க்கலாம், எதைக் கண்டவுடன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று பிரித்தறிவதே முக்கியம்.

முதலில் ஹீட்டரின் இயல்பான நடத்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர, 2,000 வாட் ஹீட்டருக்குக் கணக்கின்படி ஏறத்தாழ 18 நிமிடங்கள் தேவை. உங்கள் ஹீட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே, விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து அணையும் வரை ஆகும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே குளிர்ந்து வருவதால் நேரம் கூடுவது பழுதல்ல. வழக்கத்தைவிடச் சீக்கிரம் விளக்கு அணைந்து, தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் சுண்ணாம்பு தடிமனாகப் படிந்தால், வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தேங்குகிறது. அதை ஒட்டியிருக்கும், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், தண்ணீர் சூடாகிவிட்டது என்று எண்ணி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் காயில் மிகையாகச் சூடேறிக் கருகிவிடும். தெர்மோஸ்டாட்டே பழுதாகியிருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால், இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

படிவு சேர்ந்திருப்பதைக் காதாலும் அறியலாம். சூடேறும்போது உள்ளிருந்து பொரிவது போன்ற சத்தமோ, தட்டும் சத்தமோ கேட்டால், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து நீராவியாக வெளியேறுகிறது என்று பொருள். உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது தொட்டியைக் காலி செய்து கழுவினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் உடனே தொட்டியைக் குறை சொல்லாமல், இரண்டு வெள்ளைப் பாத்திரங்களை எடுத்து, ஒன்றில் குளிர்ந்த தண்ணீரையும் மற்றொன்றில் வெந்நீரையும் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் நிறம் இருந்தால் கோளாறு குழாயிலோ மேல்நிலைத் தொட்டியிலோ இருக்கலாம். வெந்நீரில் மட்டும் இருந்தால் ஹீட்டர் தொட்டியின் உட்பூச்சில் விரிசல் விழுந்து இரும்பு அரிக்கத் தொடங்கியிருக்கக்கூடும். தொட்டி அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தானே கரைந்துபோகும் மெக்னீசியம் தண்டு ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். இதைப் பெரும்பாலானோர் அறியாமலே ஹீட்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில் அந்தத் தண்டு முழுதும் கரைவதற்குள் மாற்றிவிட்டால் தொட்டியின் ஆயுள் பல ஆண்டுகள் நீளும். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தண்ணீரிலுள்ள ஒரு வகை பாக்டீரியா அந்தத் தண்டின் துணையோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகிறது என்று கொள்ளலாம். தொட்டியைக் கழுவி, வேறு வகைத் தண்டு பொருத்துவது பற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்பில் சொட்டினால் வாஷர் மாற்றினாலே போதும். தொட்டியின் உடலிலிருந்தே கசிந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, ஹீட்டரையே மாற்ற வேண்டும். பாதுகாப்பு வால்வின் விஷயம் வேறு. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீர் ஏறத்தாழ 1.5 சதவீதம் விரிவடைவதால், சூடேறும் நேரத்தில் மட்டும் வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பே. இடைவிடாமல் வடிந்தால் குழாய் அழுத்தம் கூடியிருக்கலாம் அல்லது வால்வு பழுதாகியிருக்கலாம். எந்த நிலையிலும் அந்த வால்வின் வாயை அடைத்துவிடாதீர்கள். வெளியேற வழியின்றி அழுத்தம் கூடினால் தொட்டி வெடித்துவிடும்.

குழாயையோ ஷவரையோ தொடும்போது லேசாகச் சுரீரென்று மின்சாரம் தாக்குவது, ஹீட்டரைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுவது, பிளக் சூடேறுவது, கருகிய வாடை வருவது ஆகிய நான்கும் பொறுத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. காயிலின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்றோ, இணைப்பு தளர்ந்திருக்கிறது என்றோ பொருள். விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காமல், மெயினை நிறுத்திவிட்டு, எர்த் இணைப்பையும் சேர்த்துச் சோதிக்குமாறு தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

எரிவாயு ஹீட்டராக இருந்தால் சுடரைப் பாருங்கள். அது நீலமாகவும் சீராகவும் எரிய வேண்டும். மஞ்சளாக மாறினாலோ, உறையில் கரி படிந்தாலோ வாயு முழுமையாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லாததால், குளிக்கும்போது தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வருவதே பலருக்கு முதல் அறிகுறியாகிறது. அப்படி உணர்ந்தால் உடனே வீட்டிலுள்ள அனைவரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து மருத்துவ உதவியை நாடுங்கள். ஹீட்டரையும் புகைபோக்கியையும் காற்றோட்டத்தையும் சரிபார்க்கும் வரை மீண்டும் பற்றவைக்காதீர்கள்.