புதிய செவிலியருக்கு வார்டிலேயே பாதுகாப்புப் பயிற்சி: நடத்தும் முறை

நோயாளர் பாதுகாப்புப் பயிற்சி என்பது பல மருத்துவமனைகளில் கூட்ட அறையில் ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதோடு முடிந்துவிடுகிறது. மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.இன் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ள தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், 2013இல் அறிமுகமான தேசியத் தர உறுதி அளவுகோல்களின்படி மதிப்பிடப்படும் அரசு மருத்துவமனையாக இருந்தாலும், ஆய்வுக்கு வருபவர்கள் கோப்புகளோடு நிற்பதில்லை. வார்டுக்குள் வந்து, பணியில் இருக்கும் செவிலியரிடம், "இந்த மருந்து இவருக்குத்தான் என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒருவர் அதைத் தயங்காமல் செய்து காட்ட முடிந்தால்தான் தரம் வார்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே பயிற்சியும் படுக்கையருகில், அந்த வார்டின் மருந்துகளையும் பொருள்களையும் வைத்தே நடக்க வேண்டும். அதை நடத்தும் பொறுப்பில் உள்ள வார்டு சிஸ்டர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் இங்கே சில வழிகளைக் கூறுகிறேன்.

பயிற்சியைத் தொடங்கும் முன் வார்டை ஒருமுறை பொருள் பொருளாகப் பார்த்து வாருங்கள். கைத் தூய்மையை எத்தனை முறை கற்பித்தாலும், கிருமிநாசினிக் கரைசல் வார்டு வாசலில் மட்டும் இருந்தால் முப்பது படுக்கைகளைக் கவனிக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் போய்வர மாட்டார். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு புட்டி இருக்கட்டும். பிறகு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களை அந்தப் படுக்கையருகிலேயே நடித்துக் காட்டச் சொல்லுங்கள்: நோயாளரைத் தொடும் முன், ஊசி போடுதல் போன்ற தூய செயலுக்கு முன், உடல் திரவங்கள் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளரைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின். கரைசலைத் தேய்க்க 20 முதல் 30 நொடியும், சோப்பு நீரால் கழுவும் முழு முறைக்கு 40 முதல் 60 நொடியும் ஆகும். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளரைக் கவனித்த பின்பும் கரைசல் போதாது. சோப்பும் நீரும்தான் வேண்டும். கையுறை அணிந்தால் கைகழுவத் தேவையில்லை என்ற எண்ணம் புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது, அதை முதல் நாளே திருத்திவிடுங்கள்.

ஆளை அடையாளம் காணுதல்

நம் ஊரில் இது மற்ற நாடுகளின் பாடநூல்களில் சொல்லியிருப்பதைவிடக் கடினமான வேலை. குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் ஒரே பெண்கள் வார்டில் மூன்று லட்சுமிகளும் இரண்டு செல்விகளும் இருப்பது சாதாரணம். தலைப்பெழுத்து உதவும் என்று நினைத்தால், ஆதார் அட்டையில் தந்தையின் எழுத்தும் காப்பீட்டு அட்டையில் கணவரின் எழுத்தும் இருக்கும். காது மந்தமான பாட்டியிடம் குனிந்து, "லட்சுமி அம்மாதானே?" என்று கேட்டால், கேட்டவர் மனம் நோகக் கூடாதென்றே அவர் தலையாட்டிவிடுவார். எனவே ஆமாம் என்ற ஒரு சொல்லில் முடியும் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது முதல் பாடம். "உங்க பேரு என்னங்கம்மா? வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டு, அவரே சொல்லும் பெயரை மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயரோடும் ஐ.பி. எண்ணோடும் (உள்நோயாளர் பதிவு எண்) ஒப்பிட வேண்டும். கட்டில் எண் அடையாளம் ஆகாது; மின்விசிறிக்கு அருகில் வேண்டும் என்று கேட்டு மாலையில் இடம் மாறியவருக்குக் காலைக் கட்டில் எண்ணைப் பார்த்து ஊசி போடுவது எளிதில் நடக்கக்கூடிய ஆபத்து.

இதைப் பழக்க நல்ல வழி ஒன்று உண்டு. நீங்களே கட்டிலில் படுத்துக்கொண்டு, பயிற்சி பெறுபவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "ஆமாம்மா" என்று சொல்லுங்கள். தவறான கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் அதன்பின் மறக்க மாட்டார். நினைவிழந்தவருக்கும் பேச முடியாதவருக்கும் பட்டையே சாட்சி என்பதால், ஊசி செலுத்துவதற்காகப் பட்டையை வெட்டினால் உடனே மறுகையில் புதியது கட்ட வேண்டும். பிறந்த குழந்தைக்கு, தாயின் பெயரோடு கூடிய பட்டையை, குழந்தை பிரசவ அறையை விட்டு வெளியே செல்லும் முன்பே தாயின் கண்முன் கட்ட வேண்டும்.

மருந்து

சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் செவிலியர் கல்லூரியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி நேரத்தைச் செலவிட வேண்டாம். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் வார்டின் மருந்து அலமாரி. ஆகவே அலமாரியில் இருக்கும் ஆபத்தான மருந்துகளின் பெட்டிகளையே மேசையில் பரப்பிப் பாடத்தைத் தொடங்குங்கள்.

முதலில் இன்சுலின். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில புதிய வகைக் குப்பிகளும் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்டவை. அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். இருபது போட வேண்டிய இடத்தில் இரண்டரை மடங்கு போனால், நள்ளிரவில் சர்க்கரை சரிந்து, தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். வண்ணம் கலந்த நீரை இரண்டு குப்பிகளில் வைத்து, ஒவ்வொருவரும் தம் கையால் இழுத்துக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வாயால் விளக்குவது இங்கே போதவே போதாது.

அடுத்து பொட்டாசியம் குளோரைடு. இங்கு வழக்கத்தில் உள்ள 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. நீர்க்கச் செய்யாமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஊசி மருந்தைக் கரைக்கும் தூய நீர் ஆம்பியூலும் இதுவும் தோற்றத்தில் ஒத்திருப்பதுண்டு. இதற்குப் பயிற்சியைவிடச் சிறந்த தீர்வு, பொது வார்டு அலமாரியிலிருந்து அதை முற்றிலும் அகற்றிவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் மட்டும் பூட்டி வைப்பது. மனிதக் கவனத்தை நம்பி இருக்க வேண்டிய இடத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினையும் இதே வரிசையில் சேருங்கள். ஒரே 5 மி.லி. அளவில் மொத்தம் 5,000 யூனிட் உள்ள குப்பியும் 25,000 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இத்தகைய மருந்துகளை இருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், "பார்த்துட்டேன்கா, நீங்களும் ஒரு சைன் போட்டுடுங்க" என்பதாக அது தேய்ந்துவிடுகிறது. இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல், மருத்துவரின் குறிப்பிலிருந்து தாமே கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஒன்றானால் மட்டுமே மருந்தை எடுக்க வேண்டும் என்று பழக்குங்கள். தொலைபேசியில் வரும் உத்தரவை எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டுவதும், 1.0 என்று எழுதினால் 10 ஆகத் தெரியும் என்பதால் வெறும் 1 என்று எழுதுவதும், யூனிட் என்பதை ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்தால் சுருக்கினால் பூஜ்யம்போல் தோன்றும் என்பதால் முழுச் சொல்லாக எழுதுவதும் இதோடு சேரும். மருத்துவர்களும் இப்படியே எழுத வேண்டும் என்பதால் அவர்களையும் இந்த வகுப்புக்கு அழையுங்கள்.

பணி மாறும் நேரமும் தொலைபேசி அழைப்பும்

பணிக் கையளிப்பு செவிலியர் மேசையில் அல்ல, கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். டிரிப் எவ்வளவு மீதம், சிறுநீர்ப் பையில் எவ்வளவு, காயக் கட்டு நனைந்திருக்கிறதா என்பதை இருவரும் ஒன்றாகக் கண்ணால் பார்க்கும்போது, எழுத மறந்ததும் பிடிபடும். இதற்கும் மருத்துவரை அழைப்பதற்கும் எஸ்பார் என்று சொல்லப்படும் வரிசை மிகவும் பயனுள்ளது: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். ஒரு மாதிரி: "சார், பெண்கள் வார்டு ஸ்டாஃப் பேசறேன். ஆறாவது கட்டில் அம்மாவுக்கு பி.பி. 90/60, பல்ஸ் 124. நேத்து பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க. காலையில 130/80 இருந்தது. டிரெயின் டியூப்ல ஒரு மணி நேரத்துல 200 மி.லி. ரத்தம் வந்திருக்கு. உள்ளே ரத்தக் கசிவுன்னு நினைக்கறேன். நீங்க உடனே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள நான் என்ன செய்யட்டும்?"

இதில் புதியவர்கள் தடுமாறுவது மூன்றாம் பகுதியில்தான். "நான் நினைக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் அவ்வளவு ஆழமானது. அந்த அச்சத்தைச் செவிலியருக்கு மட்டும் பாடம் எடுத்துப் போக்க முடியாது. மூத்த மருத்துவர் ஒருவர் அதே பயிற்சியில் அமர்ந்து, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தவறாக அழைத்தாலும் குற்றமில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். பிறகு அதன்படி நடக்கவும் வேண்டும். சரிபார்ப்பதை உரக்கச் சொல்வதன் பயனைச் சந்தேகிக்கும் மருத்துவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலின் கதையைச் சொல்லலாம். புது தில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் உள்ள மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன.

உடனிருக்கும் உறவினர்

நம் மருத்துவமனைகளில் நோயாளருக்குச் சோறு ஊட்டுவதும், கழிவறைக்கு அழைத்துச் செல்வதும், இரவில் விழித்திருப்பதும் பெரும்பாலும் மகளோ மனைவியோதான். ஆனால் பெரும்பாலான பயிற்சித் திட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் அன்பினால்தான் டிரிப் சீக்கிரம் முடியட்டும் என்று உருளையைத் தளர்த்துகிறார்கள், மூச்சுத் திணறுகிறதே என்று ஆக்சிஜனைக் கூட்டுகிறார்கள், படுத்திருப்பவர் வாயில் கஞ்சியை ஊற்றுகிறார்கள். சேர்க்கையின்போதே ஐந்து நிமிடம் ஒதுக்கி, எதைத் தொடக் கூடாது, கட்டிலின் பக்கக் கம்பியை ஏன் இறக்கக் கூடாது, உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துவது எப்படி என்று காட்டும் பொறுப்பைப் புதிய செவிலியருக்கே கொடுங்கள். கற்பிப்பவருக்குப் பாடம் தானாகப் பதியும். எழ முடியாதவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்து, முதுகின் கீழ்ப்பகுதியும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்கவும் உறவினருக்குக் கற்றுத்தரலாம். ஆனால் செய்து முடித்தார்களா என்று பார்த்துப் பதிவு செய்வது செவிலியரின் கடமையாகவே இருக்க வேண்டும்.

பணியாளரின் சொந்தப் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கொள்கலனுக்கும், டிரிப் குழாய் போன்ற பிளாஸ்டிக் கழிவு சிவப்புக்கும், ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சளுக்கும், கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கும் போக வேண்டும். ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளையும் பதிவேட்டில் பாருங்கள். தவறான பையில் கிடக்கும் ஊசி குத்துவது பெரும்பாலும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரைத்தான். அவர்களில் பலர் மாதந்தோறும் மாறுவதால், ஆண்டுக்கொரு வகுப்பு அவர்களைச் சென்றடையாது. புதியவர் வந்த அன்றே பத்து நிமிடம் அவருக்காக ஒதுக்குங்கள்.

தேர்ச்சியை அளப்பதற்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். அடையாளம் காணுதல், இன்சுலின் தயாரித்தல், தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றையும் உண்மையான பணியின்போது மூத்த செவிலியர் அருகிலிருந்து பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே தனிப்பொறுப்பு கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி இன்னொரு முறை பாருங்கள். பழகிய கை விதியைச் சுருக்கிக்கொள்வது அந்தக் காலத்தில்தான்.

கடைசியாக, நடக்கவிருந்து தப்பிய தவறுகளை எழுதிவைக்க ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் வேண்டும்: என்ன நடந்தது, எங்கே, யார் கண்டுபிடித்தது, அந்தத் தவறு நேர எது வழிசெய்தது. எழுதியவர் பெயர் கட்டாயம் இல்லை. எழுதியதற்காக மெமோ கொடுத்தால் மறுமாதம் ஒரு படிவமும் வராது, தவறுகள் மட்டும் நடந்துகொண்டிருக்கும். வந்த படிவங்களை வாரம் ஒருமுறை மருந்தாளர், மருத்துவர், வார்டு சிஸ்டர் மூவரும் சேர்ந்து படித்து, எதை மாற்றுகிறோம் என்று அடுத்த பணிக் கையளிப்பிலேயே அறிவிக்க வேண்டும். எந்தத் தட்டிலிருந்து எந்த மருந்து எங்கே மாற்றப்பட்டது, யாருடைய வார்டிலிருந்து வந்த குறிப்பு அதற்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.