கதை சொல்ல வருபவர்களும் கூட்டிவரும் பெற்றோரும் விடும் பிழைகள்

பிள்ளைகள் ஏற்கெனவே பத்துத் தரம் கேட்ட கதையைத்தான் எழுத்தாளர் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறார். புதுக்கதை சொல்வதாக நினைத்துக்கொண்டு வாசிப்பதுதான் பெரிய பிழை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலை, நேரம் போதாதென்று ஒருவர் இரண்டு பக்கங்களைத் தாண்டிவிட்டார். பாயில் முன்னுக்கு இருந்த ஐந்து வயதுப் பிள்ளை எழும்பி, "இல்லை, முதல்ல ஆமை கதவைத் தட்டும்" என்றாள். அவர் சிரித்துச் சமாளித்து மேலே வாசித்தார். அவள் தாயின் மடிக்குப் போய்விட்டாள், பிறகு திரும்பிப் பார்க்கவேயில்லை. பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி ஆமையைத் தட்ட விட்டிருக்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகியிராது. நேரம் குறைவென்றால் வரவேற்புரையை வெட்டுங்கள். கதையில் கை வைக்காதீர்கள்.

கடலோர ரயில் பாதைக்குக் கிட்டவுள்ள மண்டபமென்றால் நடுவில் ரயில் போகும். அதற்கு மேலால் கத்தி வாசிக்க வேண்டாம். பிள்ளைகள் யன்னலைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். கடைசிப் பெட்டி போனதும் மெல்லிய குரலில் தொடங்கினால் அவர்களாகவே திரும்புவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சொற்களையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாற்காலி இங்கே கதிரை, பிரெட் பாண். இரண்டும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து வீட்டுச் சொற்களாகிவிட்டன. அதற்காக அச்சிட்டதை மாற்றி வாசிக்கத் தேவையில்லை. படத்தைத் தொட்டுக் காட்டுங்கள், பிள்ளைக்கு இரண்டு சொல்லும் கிடைக்கும்.

ஞாயிறு காலையில் வைக்காதீர்கள். அறநெறி வகுப்பு, கோயில், பூசை என்று பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாள் நல்லது.

சரி, பெற்றோருக்கு. கதை முடிந்த கையோடு, "என்ன படிச்சனீ? அன்ரிக்குச் சொல்லு" என்று பிள்ளையை முன்னுக்குத் தள்ளுகிறோம். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கும். அதுவரை ஆமையோடு நடந்துகொண்டிருந்த பிள்ளை ஒரு நொடியில் பரீட்சை மண்டபத்துக்குள் போய்விடுகிறது. பேசாமல் இருந்தால் இருக்கட்டும். இரவு பாயில் படுத்த பிறகு தானாகவே ஏதாவது கேட்கும்.

புத்தகத்தில் கையெழுத்து வாங்கும்போதும் அப்படித்தான். பெயரைத் தாய் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது, எழுத்தாளரும் பிள்ளையிடமே கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். போன முறை ஒரு பையன் வாய் திறக்கவேயில்லை. பேனையை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினான், ஒரு எழுத்து தலைகீழாக. எழுத்தாளர் அதைத் திருத்தவில்லை. கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.